வங்களாவடியில் நீ தட்டிய இரண்டு தட்டு

அன்பு மகனுக்கு,

உறையில் என்னுடைய கையெழுத்தைக் கண்டதும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. அம்மா நன்றாக இருக்கிறார். இப்போதும் குசினி வாசலில் நின்று, "எழுதத் தொடங்கிட்டியளோ, இல்லாட்டி இன்னும் பேனையைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறியளோ?" என்று கேட்கிறார். நீ போன இந்தப் பத்து வருடமும் உனக்கு எழுதுவது அம்மாவின் வேலையாக இருந்தது. கடிதத்தின் அடியில் 'அப்பாவும் சுகம்' என்று அவரே சேர்த்துவிடுவார். நீயும் உன் கடிதத்தின் அடியில் 'அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்' என்று எழுதுவாய். நான் அந்த வரிக்காகவே கடிதத்தை வாங்கி, இரண்டு மூன்று தரம் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். இந்த முறை அப்படித் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உன்னிடம் மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லவேண்டி வந்துவிட்டது. இதை வாசித்த பிறகு அந்த ஒரு வரியும் எனக்கு இல்லாமல் போகலாம் என்ற பயம் இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன்.

உன் படம் கிடைத்தது. இந்தச் சமாதானக் காலத்திலும் கடிதம் கப்பலேறி எங்களிடம் வர ஒன்றரை மாதம் எடுத்திருக்கிறது. நீளமான லொறி, முன்னால் செம்மஞ்சள் தகடு, பக்கத்தில் நீ. கன்னத்தில் சதை வைத்திருக்கிறாய். மீசை என்னுடையதுதான், அதை மறுக்க உன்னால் முடியாது. ஆபத்தான சாமான் ஏற்றும் லொறிக்கு அந்தத் தகடு போடவேண்டும் என்பது ஜேர்மனியில் சட்டம் என்றும், அதை ஓட்டுவதற்குத் தனியாக வகுப்பு வைத்துப் பரீட்சை வைத்தார்கள் என்றும், நீ பாஸ் பண்ணிவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். அதுவரைக்கும் அம்மா சத்தமாக வாசித்தார், நான் கதிரையில் இருந்து பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்தை வாசிக்கும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது. 'பரீட்சையில் எல்லாரிலும் கூட நேரம் எடுத்தவன் நான்தான். சாமானைக் கட்டும் ஒவ்வொரு பட்டியையும் மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். என்னுடைய கட்டு ஒருமுறை இளகி ஒரு பெண்ணின் கால் வெந்தது அவர்களுக்குத் தெரியாது. இந்த வேலையை எடுப்பதா விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. என் கையை நம்ப எனக்குத் துணிவில்லை. புவனக்காவின் கால் இப்போது எப்படி அம்மா?' இப்படி எழுதியிருந்தாய்.

அந்த நேரம் புவனமும் எங்கள் வீட்டில்தான் நின்றாள். தொண்ணூறில் சண்டை வந்து தீவை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டு வந்தபோது அவர்களுக்கும் இதே ஒழுங்கையில் ஒரு வீடு கிடைத்தது என்று அம்மா உனக்கு எழுதியிருப்பார். தலையில் ஒன்றும் கொண்டுவராமல், தையல் மெசினை மட்டும் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்தவள் அவள். இப்போது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அவள்தான் தைக்கிறாள். மெசினை இடது காலால் மிதிக்கிறாள். அன்றைக்கு அம்மாவின் சட்டையைக் கொடுக்க வந்தவள், கடிதம் வாசிப்பதைக் கேட்டு நின்றாள். தன் பெயர் வந்ததும் முகம் சுருங்கிப் போனது.

"உவன் என்ன எழுதியிருக்கிறான் மாமி? உவன்ரை கட்டு இளகினதோ? ஆர் சொன்னது?" என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தார். புவனமும் என்னைப் பார்த்தாள். "ஐயா, நீங்கள்தானே மூட்டையளை இழுத்தெடுத்து எங்களுக்கு இருக்கத் தந்தனீங்கள்? அவனுக்கு நீங்கள் இன்னும் சொல்லேல்லையோ?" என்றாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். பதினொரு வருடமாக நான் சொல்லியிருப்பேன் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மகன், அந்த நாளை உனக்கு முதலிலிருந்து சொல்லவேண்டும். உனக்குப் பாதிதான் தெரியும், தெரியாத பாதி என்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால், நீ என்னோடு லொறியில் வரத் தொடங்கிய காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. இதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே எனக்கு நினைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

நீ காங்கேசன்துறைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் ஒரு வருடம் வேலை செய்துவிட்டு, எண்பத்துமூன்று கலவரத்தோடு அந்த வேலையும் இல்லாமல் வீட்டுக்கு வந்தாய். நான் முதலாளியிடம் கேட்டு உன்னை லொறியில் சேர்த்தேன். அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. பண்ணைப் பாலத்து ரோட்டில் உள்ள குண்டு கிடங்கு ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். பட்டினத்தில் மண்ணெண்ணெய் நிரப்பிய இரும்புப் பரலும் அசிட் நிரப்பிய கண்ணாடிச் சாடியும் ஏற்றி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று ஓடி, குறிகட்டுவான் இறங்குதுறையில் இறக்கினால் எங்கள் வேலை முடிந்தது. மண்ணெண்ணெய் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற மோட்டர் வள்ளங்களுக்கு. அசிட், துறைக்குப் பக்கத்தில் பற்றரி சார்ஜ் பண்ணிய அந்தச் சின்னக் கடைக்கு. இதை நான் இருபது வருடம் செய்தவன். பரலை நிமிர்த்தி வைப்பேன், சாடிகளுக்கு நடுவில் வைக்கோல் அடைவேன், மேலால் ஒரு தும்புக் கயிறு போடுவேன், ஓடுவேன். ஒன்றும் நடக்கவில்லை என்பதால் நான் செய்தது சரி என்று நினைத்திருந்தேன்.

நீ வந்த முதல் நாளே வைக்கோலை எடுத்து வெளியே வீசினாய். "அப்பா, அசிட் ஒழுகினால் வைக்கோல் எரியும். பக்கத்திலை மண்ணெண்ணெய் நிக்குது. உங்களுக்கு விசரே?" என்று கேட்டாய். தகப்பனைப் பார்த்துப் பைத்தியமா என்று கேட்டதற்கு நான் கையை ஓங்கினது உனக்கு நினைவிருக்கும். அடுத்த நாள் மண்டைதீவில் லொறியை நிற்பாட்டச் சொல்லி, சாக்குகளில் காய்ந்த மணலை நிரப்பிக்கொண்டு வந்தாய். பரல்களைச் சுற்றி அடியில் ஆப்பு இறுக்கினாய். பரலுக்கும் சாடிக்கும் நடுவில் பனங்குற்றியைக் குறுக்கே போட்டு ஆணி அடித்தாய். சாடி ஒவ்வொன்றையும் பனையோலைக் கடகத்துக்குள் இறக்கி, சுற்றவும் இடையிலும் மணல் மூட்டை அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலால் மீன்பிடிக்காரரிடம் வாங்கிய நைலோன் கயிற்றை இழுத்து, பக்கப் பலகையின் கொளுக்கியில் ஒரு முடிச்சுப் போட்டாய். நான் ரோட்டில் நின்று சிரித்தேன். "என்னடா, சாடிக்குத் தொட்டில் கட்டுறியோ? தாலாட்டும் பாடன்" என்று சொன்னேன்.

நீ சிரிக்கவில்லை. "நீங்கள் பிறேக் அடிச்சால் லொறிதான் நிக்கும். சாமானுக்கு ஆர் அப்பா பிறேக் அடிக்கிறது?" என்று கேட்டாய். அதற்கும் நான் இன்னும் இரண்டு கேலி சேர்த்துச் சொன்னேன். உன்னுடைய முடிச்சை அவிழ்க்க எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை என்பதையும் இப்போது ஒப்புக்கொள்ளுகிறேன். துறையில் இறக்கும்போது நான் இழுத்து இழுத்துப் பார்ப்பேன், நீ வந்து ஒரு நுனியைச் சுண்டுவாய், அது தானாக அவிழும். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். அதோடு தண்ணீர் நிரப்பிய ஒரு பெரிய பிளாஸ்டிக் கானையும் நீ சாடிகளுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தாய். "அசிட் ஆரிலும் பட்டால் உடனை தண்ணி ஊத்தவேணும், கன தண்ணி, கான் முழுக்க. இதை ஆரும் தொடக்கூடாது" என்றாய். தீவிலே நல்ல தண்ணீர் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். ஒரு கான் நல்ல தண்ணீரைக் குடிக்காமல் லொறியில் சும்மா கொண்டு திரிகிறாய் என்று சனம் உன்னைப் பற்றிக் கதைத்தது. நானும் அவர்களோடு சேர்ந்து கதைத்தேன்.

ஆனால் ஒன்று சொல்லுகிறேன். எல்லாம் கட்டி முடிந்ததும் லொறியைச் சுற்றி வந்து, பின் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவாய். எல்லாம் சரி, எடுங்கோ என்று அதற்கு அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது என் நெஞ்சு லேசாக இருக்கும். இருபது வருடம் தனியாக ஓடியவனுக்கு, பின்னால் ஒருவன் பார்த்துக்கொள்கிறான் என்பது எவ்வளவு பெரிய சுகம் என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடாது.

இனி அந்த நாள். எண்பத்துநாலு ஆனி மாதம், நயினாதீவுக் கோயிலில் அம்மாளின் திருவிழாக் காலம். முன்னால் பத்துப் பரல் மண்ணெண்ணெய், பின்னால் எட்டுச் சாடி அசிட். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பட்டினத்தில் வாங்கிய மருந்தைக் கொடுப்பதற்காக வங்களாவடிச் சந்தியில் நீ இறங்கினாய். இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாய், கானின் மூடியைப் பார்த்தாய், என் பக்கத்து யன்னலுக்கு வந்தாய். "நான் பின்னேரம் துறைக்கு வாறன். மூட்டையிலை கை வையாதேங்கோ அப்பா" என்றாய். "போடா, நீ பிறக்க முதல் லொறி ஓடினவன் நான்" என்றேன். நீ பின்னால் போய் இரண்டு தட்டுத் தட்டினாய். நான் கிளம்பவில்லை. ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று நின்றேன்.

நீ ஒழுங்கைக்குள் திரும்பினதும் சனம் வந்துவிட்டது. பஸ் நிறைந்து போய்விட்டதாம், அடுத்தது எப்போது என்று தெரியாதாம். விரதக்காரர், வயதானவர்கள், கையில் அர்ச்சனைச் சாமான், பொங்கல் பானை, பதினொரு பேர். திருவிழாக் காலத்தில் அம்மாளிடம் போகிற சனத்தை ரோட்டில் விட்டுவிட்டு வெறும் இடத்தோடு ஓடிய லொறிக்காரன் தீவில் ஒருவனும் இல்லை. கேட்காமலே ஏற்றுவதுதான் வழக்கம். ஏற்றமுடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். இது அசிட், இது மண்ணெண்ணெய், இதற்கு மேல் ஆள் ஏறக்கூடாது என்று ஒரு சொல் போதும். அதற்குப் பதிலாக, "ஏறுங்கோ, ஏறுங்கோ, அம்மாள் காப்பாத்துவா" என்று பெரிய மனிதன் மாதிரிக் கையைக் காட்டினேன். அவர்களில் புவனமும் ஒருத்தி. அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. தாயாரின் நேர்த்திக்கடனுக்காக விளக்கெண்ணெய்ப் போத்தலோடு வந்திருந்தாள்.

லொறிப் பெட்டியின் தளப் பலகை வெயிலில் கொதித்தது. ஒரு கிழவருக்கு முட்டி மடங்கவில்லை, இருக்க ஏதாவது தாருங்கோ தம்பி என்றார். அங்கே மெத்தென்று இருந்தவை உன்னுடைய மணல் மூட்டைகள்தான். முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? அதனால் அவிழ்க்கவில்லை. கயிற்றுக்குக் கீழால், சாடிகளுக்கு இடையிலிருந்து, ஒவ்வொரு மூட்டையாக ஆட்டி ஆட்டி இழுத்தெடுத்தேன். ஐந்து மூட்டை. கிழவருக்கு ஒன்று, பெண்களுக்கு மற்றவை. பிறகு அவர்கள் தண்ணீர் கேட்டார்கள். திருவிழாவுக்கு நடந்து வருகிறவர்களுக்கு வழிவழியே பந்தல் போட்டுத் தாகம் தீர்க்கிற ஊரில், கையில் ஒரு கான் தண்ணீரை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கானைத் திறந்து கொடுத்தேன். குடித்தார்கள், மிச்சத்தில் முகம் கழுவினார்கள், எனக்குப் புண்ணியம் கிடைக்கும் என்றார்கள். கிழவரின் சுருட்டை மட்டும் அணைக்கச் சொன்னேன். உன்னுடைய சொல்லில் நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். அவ்வளவு பேரும் என்னை வாழ்த்தியது எனக்கு நன்றாக இருந்தது, மகன். அதை மறைக்கமாட்டேன்.

புங்குடுதீவுப் பாலத்தில், நடு வழியில், மீன் பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று குறுக்கே சறுக்கியது. பிறேக் அடித்தேன். லொறி நின்றது. மூட்டை இல்லாத இடைவெளியில் சாடிகள் ஒன்றோடு ஒன்று மோதின, ஒன்றின் கழுத்து உடைந்தது. அசிட் பலகை வழியே ஓடியது. பெரியவர்களுக்கு முன்பக்கம் விட்டுவிட்டு, சாடிக்குப் பக்கத்தில் இருந்தவள் புவனம். அவளுடைய வலது பாதத்தில்தான் பட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன். நான் ஓடிப்போய்க் கானைத் தூக்கினேன், அதில் ஒரு துளி இல்லை. இரண்டு பக்கமும் கடல், மகன். அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் நான் வெறும் கானோடு நின்றேன். ஒருத்தி, உப்புத் தண்ணி பட்டால் இன்னும் எரியும் என்று கத்தினாள். இன்னொருத்தி புவனத்தின் விளக்கெண்ணெயையே எடுத்து அவளுடைய காலில் ஊற்றினாள். நான் தடுக்கவில்லை. கன தண்ணீர் ஊற்றவேண்டும் என்று நீ சொன்னது எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது, ஆனாலும் கடலுக்கு இறங்காமல் நின்றேன். சைக்கிளோடு விழுந்த மீன்காரன் எழும்பி வந்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கடலுக்கை இறக்குங்கோ!" என்று அவளைத் தூக்கிக்கொண்டு கல்லில் இறங்கினான். அதற்குள் எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. அந்தப் போன நேரம்தான் அவளுடைய பாதத்தைத் தின்றது.

பின்னால் வந்த ஒரு கார் அவளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது. மற்றச் சனம் இன்னொரு பஸ் ஏறித் துறைக்குப் போய்விட்டது. நான் பாலத்தில் தனியாக நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், உன்னுடைய கயிறு அப்படியே இருந்தது. கீழே ஒன்றும் இல்லாமல் தொய்ந்து போயிருந்ததே தவிர, முடிச்சு நீ போட்டபடி கொளுக்கியில் இறுகிக் கிடந்தது. முன்னால் பத்துப் பரலும் ஒரு விரலளவும் நகரவில்லை. உன் ஆப்பு அசையவில்லை, உன் பனங்குற்றி அசையவில்லை. ஒரு பரல் சரிந்து வாய் திறந்திருந்தால் மண்ணெண்ணெயும் அசிட்டுமாக அந்தப் பதினொரு பேரும் நானும் என்ன ஆகியிருப்போம் என்று நீயே உன் வகுப்பில் படித்திருப்பாய். நீ எங்கள் பன்னிரண்டு பேரையும் காப்பாற்றினாய். அதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? கத்தியை எடுத்து அந்த முடிச்சை அறுத்தேன். கயிற்றைச் சுருட்டிக் கடலில் எறிந்தேன். ஐந்து மூட்டையையும் சாடிகளுக்கு இடையில் திரும்பவும் வைத்தேன். ஒன்றையும் மறக்காமல் செய்தேன். ஐம்பத்தைந்து வயதில் லொறியை விட்டு இறக்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே நினைவுதான். அவன் இளந்தாரி, அவனை இரண்டு ஏச்சு ஏசிவிட்டு மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்னேரம் துறைக்கு முதலாளி வந்து கேட்டபோது நீயும் வந்து நின்றாய். "மகன்தான் கட்டினவன். கட்டு இளகி, கயிறு வழியிலை விழுந்திட்டுது" என்றேன். உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். நீ மறுத்துப் பேசுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ மறுக்கவில்லை. லொறிக்குள் ஏறி வெறும் கொளுக்கியைத் தடவிப் பார்த்தாய். இறங்கி வந்து, "ஓம், நான்தான் கட்டினனான்" என்றாய். உன் கட்டின்மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது, ஆனால் தகப்பன் பொய் சொல்லமாட்டான் என்பதில் அதைவிடக் கூட நம்பிக்கை இருந்தது.

முதலாளி இனி இவனை லொறியில் ஏற்றக்கூடாது என்றார். நீ புவனத்தின் வீட்டுக்குப் போய்த் தாயின் காலில் விழுந்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் அப்போது பெரியாசுபத்திரியில் கிடந்தாள், உன்னை அவள் காணவில்லை. தாயும் அதை அவளிடம் சொல்லவில்லைப்போலும். ஆறு மாதத்தில் நீ ஜேர்மனிக்கு வெளிக்கிட்டாய். பஸ்ஸுக்கு நின்றபோது உன் சூட்கேஸில் கட்டிய கயிற்றை நீ குனிந்து இழுத்துப் பார்த்தாய். ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம். அதற்கு முன்னால் நீ ஒரு முடிச்சையும் மூன்று தரம் பார்த்தவன் இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே சொல்லவேண்டும் போல் இருந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பஸ் வந்துவிட்டது. "கவனம்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் லொறி ஓடியது ஆறு வருடம்கூட இல்லை. நீ செய்தது போலவே மணல் மூட்டை அடுக்கினேன், ஆப்பு வைத்தேன், கான் நிறையத் தண்ணீர் வைத்தேன். திருவிழாச் சனம் கையைக் காட்டினால் நிற்பாட்டாமல் போனேன், அவர்கள் மண்ணை அள்ளித் தூற்றினார்கள். முடிச்சு மட்டும் எனக்கு வரவேயில்லை. எல்லாம் கட்டி முடித்து ஸ்டியரிங்கில் இருந்துகொண்டு, பின்னால் தட்டுகிற சத்தத்துக்காகக் காத்திருப்பேன். யாரும் தட்டமாட்டார்கள் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருப்பேன். பிறகுதான் எடுப்பேன். பிறகு தீவே இல்லாமல் போனது, லொறி அங்கேயே நின்றுவிட்டது. முதலாளியும் காலமாகிவிட்டார், அவரிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை. இப்போது நாங்கள் இருக்கிற இடத்திலிருந்து கடல் தெரியாது. பரல் பரலாக மண்ணெண்ணெய் ஏற்றியவன், ஒரு போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். ரோட்டில் எப்போதாவது ஒரு லொறி நின்றால் நான் வாசலுக்குப் போய்விடுவேன். அம்மா ஏன் என்று கேட்பதில்லை. நீ வந்து இறங்குவாய் என்று நான் நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது, மகன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

புவனம் கேட்டுவிட்டுப் போனபிறகு அம்மா என்னோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் கடதாசியும் பேனையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இஞ்சாருங்கோ, பிள்ளை இவ்வளவு வருசமும் தன்ரை கையைப் பாத்துப் பயந்துகொண்டு இருக்கிறான். நீங்கள் எழுதேல்லையெண்டால் நான் எழுதுவன்" என்றார். புவனத்திடமும் போனேன். மெசினுக்கு முன்னால் நின்று, நான் அவளுக்குச் செய்ததற்கும் உனக்குச் செய்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவள் தைத்த சட்டையின் நூலைக் கடித்து அறுத்தாள். "என்ரை கால் போனது போனதுதான் ஐயா. அவன் ஏன் சும்மா அதைச் சுமக்கிறான்? அவனுக்கு எழுதுங்கோ. நான் ரண்டு வரி எழுதித் தாறன், அதையும் வையுங்கோ" என்றாள். அதை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நான் அதைப் பிரித்து வாசிக்கவில்லை. நான் சொல்வதை நீ நம்பாவிட்டாலும் அவள் சொல்வதை நம்பு.

அந்த வேலையை எடு, மகன். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, கேட்கத்தான் முடியும். உன்னிடம் வந்து ஆரும் இரக்கமாகக் கேட்டாலும் கட்டினதில் ஒன்றையும் எடுத்துக் கொடுத்துவிடாதே. அது உனக்குத் தெரியும், என்னைவிட உனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. மூன்று தரம் பார்க்கவேண்டிய தேவையும் உனக்கு இல்லை. ஒரு தரம் பார்த்தால் போதும், உன் கை அப்படிப்பட்ட கை. அங்கே பட்டி போட்டு இறுக்குவதாக எழுதியிருந்தாய். சாடிகளுக்கு இடையில் அங்கே என்ன வைக்கிறார்கள் என்று அறிய எனக்கு ஆசை. எனக்கு எழுத மனம் வராவிட்டால் அம்மாவுக்கு எழுது. அவர் வாசிக்கும்போது நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளுவேன்.

வங்களாவடியில் நீ இறங்கி, சுற்றி வந்து, இரண்டு தட்டுத் தட்டினாய் அல்லவா? அந்த நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மகன்.

அப்பா